பச்சை காட்டிய தலை

என் புருஷனின் தலைக்கு ஒன்றுமில்லை என்று லேப்டாப் பச்சை காட்டியதும், எச்.ஆர். மேனேஜர் ராமமூர்த்தி அதைத் தூக்கிப் பிடித்து மைதானத்துக்கே காட்டினார்.

முன்வரிசை நாற்காலியில் ஜெர்மனிக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கம்பெனி ஷூவை வாங்குகிற பையர். அடிபட்ட மூளையைச் சோதிக்கும் அந்தப் புரோகிராமைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அவர் தலையாட்டினார். ராமமூர்த்திக்கு வாயெல்லாம் பல்.

ஆம்பூர் கம்பெனிகளுக்கு இடையில் நடக்கும் கபடி ஃபைனல். சற்று முன்புதான் என் புருஷன் நெல்வினைப் பிடிக்கப் பாய்ந்தவனின் முழங்கால் அவர் காதுக்கு மேலே இறங்கியிருந்தது.

எழுந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பார்வை மட்டும் என் தோளுக்கு அந்தப் பக்கம் போனது.

கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

"சார், அவர் கண்ணு சரியில்ல. வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்டலாம்."

"நீ இன்னா டாக்டராம்மா? மிஷின் சொல்லட்டும்."

மிஷின் சொல்லட்டுமாம். எங்கள் தையல் செக்ஷனில் ஒருத்தி விரலில் ஊசி ஏறினால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் மனுஷன், தலைக்கு மிஷின் வைத்திருக்கிறார்.

நெல்வினை ஷாமியானாவுக்குள் கூட்டிப் போனார்கள். என்னை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சோதனையை மைக்கில் விளக்கினார்கள். படம் படமாக வரும். முன்பு வந்த படம் திரும்ப வந்தால் மவுஸைத் தட்ட வேண்டும். தடுமாறினால் சிவப்பு.

உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டது. டி.வி. ரிமோட்டைக்கூட என்னிடம் நீட்டி மாற்றச் சொல்பவர் இத்தனை வேகமாகத் தட்டுகிறாரே என்று ஒரு நிமிஷம் எனக்கே தெம்பு வந்தது.

அப்புறம்தான் அந்தப் பச்சை. கூட்டம் விசிலடித்தது. நெல்வின் கோட்டைத் தாண்டி ரெய்டு போனார்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

சொந்த ஊரான அணைக்கட்டில் அரை டிரவுசர் போட்ட வயதில் அவர் பாடியது அது. கம்பெனி டீமில் சேர்ந்த பிறகு ஆட்டத்தில் கபடியைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வந்ததில்லை. வேறு எதைச் சொன்னாலும் அவுட் என்று வீட்டில் எனக்கே பாடம் நடத்தியவர்.

நடுவர் ஊதினார். கூட்டம் சிரித்தது. ராமமூர்த்தியும் சிரித்தார். ஆள் தமாஷ் பண்ணுகிறான் என்று ஜெர்மனிக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னார்.

நெல்வினுக்கு விசில் கேட்கவே இல்லை. பாடிக்கொண்டே திரும்பி, ஆட்டக்காரர்கள் யாருமில்லாத பக்கமாக, கயிற்றை நோக்கி நடந்து வந்தார். என் காலடியில் கோடு இருப்பதாக நினைத்தாரோ என்னவோ, குனிந்து தரையைத் தொட்டார். அப்படியே சாய்ந்தார்.

யாரோ ஆட்டோவை உள்ளே விட்டார்கள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி ராமமூர்த்தி ஓடிவந்தார். அந்த நிலைமையிலும் அந்த ஆளைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"பச்சை எப்டி சார் வந்துச்சு?"

"அவனுக்கு எங்கம்மா மவுஸ் புடிக்கத் தெரியுது? டைம் ஆவுது, பையர் வேற பாத்துனுகீறாரு. நான்தான் தட்டுனேன்."

ராமமூர்த்தியின் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.