கொஞ்சம் மெதுவாகப் பாடலாமே

மூன்றாவது பாட்டின் முதல் வரியிலேயே, துருப்பிடித்த கதவை யாரோ இழுத்துத் திறப்பது போல ஒரு சத்தம் கேட்டது.

பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த தேர்வு அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டார்.

வாரத்தில் ஐந்து நாளும் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி பார்க்கவில்லை, இண்டிகேட்டர் போடவில்லை என்று தாளில் குறித்துக்கொண்டே வருவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். அதில் எட்டுப் பேராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கையில் தாள் மட்டும் இருக்காது.

பிரசங்கம் பதினோரு நிமிடம் கூடிவிட்டது என்று பாஸ்டரிடமே சொன்னவர் அவர். புது மாப்பிள்ளையின் காலுறைகள் இரண்டும் இரண்டு நிறம் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். ஜெபத்தின்போது கண்ணைத் திறந்ததற்காகப் பல் டாக்டரைக் கண்டித்தார். அதை இவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்க டாக்டருக்குத் தோன்றவில்லை.

எதைச் சொன்னாலும் அன்போடு சொல்கிறேன் என்றுதான் தொடங்குவார். அதைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் வாசலைத் தேடுவார். மதியம் வீட்டுக்குப் போனால் அவர் மனைவி, இன்றைக்கு எத்தனை பேரிடம் அன்பு காட்டினீர்கள் என்று கேட்பார்.

போன ஞாயிறு ரொட்டிக்கடை அக்காவின் முறை.

அக்கா நான்கு வருடமாக அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார். மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தன் குரல் தனக்கே கேட்பதில்லை என்பது அதிகாரியின் நீண்டநாள் மனக்குறை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வாசல்படியில் அக்காவை நிறுத்தினார். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், கொஞ்சம் மெதுவாகப் பாடலாமே என்றார். சுற்றி ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். சொன்னது உள்ளே இறங்கிவிட்டது என்று அதிகாரிக்குத் திருப்தி.

இறங்கித்தான் இருந்தது. இன்று, முதல் இரண்டு பாட்டையும் சபையே சேர்ந்து பாடியதால் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது, குழுவினர் மட்டும் பாடுவது. அக்காவின் உதடுகள் அசைந்தன, சத்தமே வரவில்லை.

அந்தக் கதவுச் சத்தம் மட்டும் விடாமல் வந்தது.

இரண்டாவது வரியில் அது இன்னும் மேலே ஏறியது. முன்பெஞ்சில் ஒரு குழந்தை அம்மாவின் மடிக்குத் தாவியது. கீபோர்டு வாசிக்கிற பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

யாரென்று பார்த்து, முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பல் டாக்டராகத்தான் இருக்கும். பாடிக்கொண்டே சாய்ந்து பார்த்தார். டாக்டர் ஒழுங்காகத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

அதிகாரி மூச்சு வாங்க நிறுத்தினார். அந்தச் சத்தமும் நின்றது.

மறுபடி தொடங்கினார். அதுவும் தொடங்கியது.

அவருக்குச் சுருக்கென்றது.

பாதி வார்த்தையில் வாயை மூடிப் பார்த்தார். பாட்டு எண்ணெய் விட்டது போல ஓடியது. ஒரே ஒரு வார்த்தை பாடிப் பார்த்தார். குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஐம்பத்திரண்டு வயது மனிதருக்குக் காது நுனி வரை சூடு ஏறியது. பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். எழுத்துகள் கலங்கின. புத்தகம் கையில் நிற்கவில்லை.

அப்போதுதான் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் எழும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிரும்படி, பிசிறில்லாமல். கூடவே ஒரு முழங்கை அவர் விலாவில் இடித்தது, பாடு என்பது போல. அவர் பாடினார். அந்தக் குரலுக்கு அடியில் அவர் பாடியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து, அங்கிகளை மாட்டும் அறையில் இருவரும் மட்டும் இருந்தபோது, இது எத்தனை நாளாக என்று அவர் கேட்டார்.

நீங்கள் குழுவில் சேர்ந்த அன்றிலிருந்தே என்றார் அக்கா. அந்த மாதமே எல்லோரும் கூடிப் பாஸ்டரிடம் போனார்களாம். சொல்லத்தான் வேண்டும், ஆனால் அவர்மேல் அன்பு இருக்கிறவர் மட்டும் போய்ச் சொல்லுங்கள் என்றாராம் பாஸ்டர். யாரும் கை தூக்கவில்லை. பாஸ்டரும் தூக்கவில்லை, அது பதினோரு நிமிட விவகாரம் நடந்த வாரம். ஆள் கிடைக்கும்வரை பக்கத்தில் நின்று சத்தமாகப் பாடும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டார்கள்.

"ஒரு மாசம்னுதான் சொன்னாங்க" என்றார் அக்கா.

அவர் அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குழுவிலிருந்து விலகிக்கொள்வதாக முணுமுணுத்தார். அதெல்லாம் வேண்டாம், செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குக் கடை சாத்துவேன், வாருங்கள், ஒரே ஒரு சுரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும் என்றார் அக்கா.

அவர் கழற்றிய அங்கியை மடித்துக்கொண்டே, நான்கு வருடமாக யாராலும் முடியாததை இன்று மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது என்று கேட்டார்.

அக்கா தன் அங்கியை ஆணியில் மாட்டினார்.

"போன வாரம் படியில வச்சுச் சொன்னீங்கல்ல, எனக்கு நல்ல கோவம். ஊரே கேக்கட்டும்னுதான் இன்னைக்கு வேணும்னே வாயை மூடினேன். அப்புறம் அந்தப் புத்தகம் உங்க கையில ஆடுச்சு பாருங்க... அப்பதான் பாஸ்டர் சொன்ன அது வந்துச்சு."