அலுமாரிக்குள் ஒரு போத்தல்

மடித்த உடுப்புகளை வைக்க மருமகளின் அலுமாரியைத் திறந்த பளீலாவின் கையில் குளிசைப் போத்தலொன்று அகப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"மூணு வருஷமா என்ட மகனுக்கு ஏன் புள்ள இல்லையெண்டு இப்பதான் விளங்குது. புள்ள தங்காம இருக்கத்தானே இதை விழுங்குறாய்?"

மர்ஷூதா கணவனைப் பார்த்தாள். சோற்றின் முன் கதிரையில் இருந்த இனாஸ் தலை குனிந்துகொண்டான்.

"ஓம், மாமி," என்றாள் அவள்.

பளீலா பின்கதவால் போய், குளிசைகள் அத்தனையையும் களப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு வந்தாள்.

"இன்னொருக்கா இதைக் கண்டா, உன்ட உம்மா வீட்டுக்கே போயிரு! என்ட மகன் இப்பிடி வத்திப் போறதே உன்னாலதான்."

மகனின் சோற்றுப் பீங்கானில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள். "தின்னுங்க மகன். இனி எல்லாம் சரிவரும்."

மாமி அடுப்படிக்குப் போனதும் மர்ஷூதா மெல்லச் சொன்னாள்:

"நாளைக்கே கிளினிக்குக்குப் போய் உங்கட குளிசையை எடுங்க. ஒரு நாளும் விடப்படாது, ஈரல் பழுதாகுமெண்டு டொக்டர் சொன்னாரே. உம்மாக்கிட்டயும் சொல்லிருங்க."

"விசரா உனக்கு? எனக்கு ஹெபடைடிஸ் எண்டு ஊருக்குத் தெரிஞ்சா, கலியாண வீட்டில என்னோட ஒரே சஹன் தட்டில கைவைச்சுத் தின்ன ஆரு வருவான்?"

"சாப்பாட்டால தொத்தாதெண்டு டொக்டரே சொன்னாரே!"

"ஊர் நம்பணுமே."

"அப்ப புதுப் போத்தலை எங்க வைக்கிறது?"

இனாஸ் மீனைப் பிய்த்தான்.

"உன்ட அலுமாரியிலயே வை. அங்க இருந்தா என்டதெண்டு ஆரும் நினைக்கமாட்டாங்க."