வண்டி போனாலும் ஆர்ம் போகாது

"முறிஞ்சது உங்க ஆர்மா, இல்ல பிழை என்னோடயா? அத மட்டும் சொல்லுங்க பாஸ்."

டிரைவர் சோலைமலை பழைய டயர் ஒன்றின்மேல் குந்திக்கொண்டு ஏழாவது நாளாக அதே கேள்வியைக் கேட்டான்.

"என் ஆர்ம் முறியாது" என்று, ஏழாவது நாளாக அதே பதிலைச் சொன்னார் இக்னேசியஸ்.

டிக்கோயாவில் அவருடைய கராஜ் முற்றத்தில் தோட்டத்து பிக்கப் கிடந்தது. போன கிழமை சோலைமலை ஓட்டிப்போய்ப் பள்ளத்தில் உருண்ட வண்டி. நேற்றுத்தான் சங்கிலி போட்டு இழுத்து வந்திருந்தார்கள். நசுங்கிய முன்பக்கத்துக்குள் சேறும் தேயிலைத் தூரும் அடைத்துக்கொண்டு, ஆர்ம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூடுபனி வேறு இறங்கி வந்து, வண்டிக்குள் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அப்பர் ஆர்ம் என்பது முன் சக்கரத்தை மேலேயிருந்து பிடித்திருக்கும் இரும்புக் கை. அது முறிந்தால் சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அது எழுபத்தைந்தாம் ஆண்டு. பாண் சுடுகிற கோதுமை மாவே கப்பலேறத் தயங்கிய காலத்தில் ஜப்பான் ஆர்ம் எங்கிருந்து வரும்? இக்னேசியஸ் பழைய லொறிச் சட்டத்தை வெட்டி, ஒட்டி, தானே ஒரு சோடி செய்து மாட்டினார். "வண்டி போனாலும் ஆர்ம் போகாது தொரை" என்று தோட்டத் துரையிடமே வாக்குக் கொடுத்தார்.

இன்று வாகனப் பரிசோதகர் வருகிறார். ஆர்ம் முறிந்திருந்தால் கராஜுக்குப் பூட்டு; இக்னேசியஸின் மனைவி டோரீன் நடுத்தெருவில். முறியாமலிருந்தால் பழி டிரைவர் தலையில்; அவன் மனைவி ராசம்மாவுக்குத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராகூட மிஞ்சாது. ஆகவே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோலைமலையின் சட்டை விபத்தன்று நனைந்தது, இன்னும் காயவில்லை. அதில் அதிசயம் இல்லை. ஆடி மாதத்து டிக்கோயாவில் யார் சட்டைதான் காய்ந்தது?

"டோரீன், ஒரு பிளேன்டி ஊத்து" என்று குரல் கொடுத்தார் இக்னேசியஸ்.

டோரீன் ஒரே ஒரு கோப்பையைக் கொண்டுவந்து, ஒட்டு வேலைக்கார மூக்கனுக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஏழு நாளாக ஒரு வார்த்தை கிடையாது. அதிலும் அதிசயம் இல்லை. போன வருடம் அன்னம்மாள் திருநாள் பூசைக்கு வராமல் எஞ்சின் கழற்றிய குற்றத்துக்காகப் பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள்.

"எங்கூடயும் யாரும் பேசுறதில்ல பாஸ்" என்றான் சோலைமலை. "வாசல்ல போயி நிக்கிறேன். 'என்னா குளிரு'ன்னுட்டு ராசம்மா கதவச் சாத்துறா."

"வண்டியக் கவுத்தவனுக்குப் பின்ன மாலையா போடுவாங்க?"

"போட்டாங்களே பாஸ். அதான் எனக்கும் வெளங்கல."

இக்னேசியஸ் அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில் ஜீப் வந்து நின்றிருந்தது.

காக்கி உடுப்பும் குடையுமாகப் பரிசோதகர் இறங்கினார். இக்னேசியஸ் எதிரே போய் நின்று, "ஆயுபோவன் மாத்தியா" என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னார். பரிசோதகர் நேராகப் பிக்கப்பிடம் போனார். அரசாங்க உத்தியோகத்தர், ஆள் முகத்தைப் பார்த்தால் பதவி இறங்கிவிடும் போலும்.

மூக்கன் அலவாங்குக் கம்பியால் சேற்றைக் கிண்டத் தொடங்கினான்.

"மெதுவாடா மூக்கா! இரும்புல படாம தோண்டு!"

மூக்கன் ஓங்கிக் குத்தினான். சுத்தியல் சத்தத்திலேயே அவனுக்குப் பாதிக் காது போயிருந்தது.

தேயிலைத் தூர் ஒன்று பிய்ந்து விழுந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. பரிசோதகர் டோர்ச் அடித்துக் குனிந்தார். சோலைமலை எழுந்து நின்றான். இக்னேசியஸ் மூச்சுவிட மறந்தார். அது அவருக்குச் சிரமமாகவே இல்லை.

சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கோயில் மணி போலச் சத்தம் வந்தது.

"மேக்க ஹொந்தாய்" என்றார் பரிசோதகர். பிறகு மூக்கனுக்கு விளங்கும்படி உரத்த தமிழில் சொன்னார்: "இது நல்லம். ஆர்ம்ல பிழை இல்ல. டிரைவர்லயும் பிழை இல்ல. காலையில அந்த எடம் போய்ப் பாத்தது. மழைக்கு ரோட்டு ஓரம் அப்பிடியே கீழ போனது. அப்பிடித்தான் எழுதுறது."

"கேட்டீங்களா பாஸ்! எம்மேல பிழை இல்லயாம்!" சோலைமலை துள்ளினான்.

"கேட்டியா டோரீன்! நான் சொன்னேன்ல, வண்டி போனாலும்…"

டோரீன் கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபம் இளகிவிட்டது என்று இக்னேசியஸுக்கு மனம் நிறைந்தது.

பரிசோதகர் ஒட்டு வேலையை விரலால் தடவிப் பார்த்தார். "சப்பான்காரன்கூட இப்பிடிச் செய்ய மாட்டான். யாரு வேலை? நம்ம ஜீப்புக்கும் ரெண்டு வேணும்."

"நாந்தான் மாத்தியா! வெள்ளிக்கிழமை வாங்க, மாட்டித் தாறேன்!" இக்னேசியஸ் முன்னால் பாய்ந்தார்.

பரிசோதகர் டோரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரருதாங்க செஞ்சாரு" என்றாள் டோரீன். "ஆர்ம் முறியாதுன்னு காட்டுறதுக்குத்தான் அன்னைக்கு டிரைவருக்குப் பக்கத்துல ஏறி ஒக்காந்தாரு. ரெண்டு பேரு உசுரும் போயி இன்னியோட ஏழு நாளுங்க."

சோலைமலை ஈரச் சட்டையை ஒருதரம் உதறிக்கொண்டான். கீழே ஒரு சொட்டும் விழவில்லை.

"அப்ப வாங்க பாஸ், போவோம். ஒங்க ஆர்ம் காரண்டி பாத்தாச்சுல்ல."