தேடியது யார்?

“ஏம்ப்பா தம்பி, என்னை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?”

கூடத்து மூலையில் இணையப் பெட்டியின் ஒயரைச் சோதித்துக்கொண்டிருந்த நெட்காரர் விழித்தார். “எனக்கு யாரும் எதுவும் சொல்லலீங்க ஐயா. லைன்ல கோளாறுன்னு போன் பண்ணது நீங்கதானே?”

“லைன் நல்லாத்தான் வேலை செய்யுது. அதான் கோளாறே!” மேஸ்திரி தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

வாழ்நாள் முழுக்கக் கலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்தி ஆள்களை வேலை வாங்கியவர். வேலையை விட்ட பிறகும் தொண்டை மட்டும் இறங்கவில்லை. வீட்டிலும் அதே சத்தம், அதே ஏவல்.

திரையில் நரைத்த தலைகள் சிரித்தன. ‘முதியோருக்கு ஓர் அன்பு இல்லம்.’

சில நாள்களாக இதே தொல்லை. செய்தி பார்த்தால் இல்லம். மழை வருமா என்று பார்த்தால் இல்லம். மகன் போனிலும் வருகிறது, மருமகள் போனிலும் வருகிறது. சமையலறையில் மனைவி கேட்கும் பாட்டுகூடப் பாதியில் நின்று, ‘இன்றே இடம் பிடியுங்கள்’ என்கிறது.

“ஏய், தண்ணி கொண்டா!” என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு, “சொல்லு தம்பி. எனக்கு வயசாச்சுன்னு உன் கம்பெனிக்கு எவன் சொன்னான்?” என்றார்.

“யாரும் சொல்ல வேண்டாங்க. வீட்டுக்கு ஒரு லைன். அதுல யாரு எதைத் தேடுறாங்க, எதைப் பாக்குறாங்கன்னு கம்பெனி கவனிச்சுக்கிட்டே இருக்கும். விளம்பரக்காரங்களுக்குச் சொல்லும். வீட்டுல ஒருத்தர் செருப்புத் தேடினாப் போதும், எல்லார் போன்லயும் செருப்பு வந்து நிக்கும்.”

“அது ஒட்டுக் கேக்குற வேலை இல்லியா?”

“லைன் வாங்கும்போதே ‘சம்மதம்’னு ஒரு கட்டத்தை அமுக்கியிருப்பீங்களே.”

“அமுக்கினாத்தான் லைன் வரும்னு சொன்னவன் நீதானப்பா!”

நெட்காரர் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டார். மனைவி வந்து தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

மேஸ்திரிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. செங்கல் என்றால் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிடுவார். இதை எங்கே தட்டுவது? ஆனால் ஒன்று மட்டும் மெல்ல உறைத்தது.

“அப்போ, இந்த வீட்டுல யாரோ முதியோர் இல்லம் தேடியிருக்காங்க?”

“இருக்கலாங்க.”

“யாரு?”

“எனக்கெப்படிங்க தெரியும்? மெஷினுக்குத்தான் தெரியும்.”

“என் வீட்டுக்குள்ள நடக்குறது எங்கியோ இருக்குற மெஷினுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நல்லா இருக்குய்யா நியாயம்!”

நெட்காரர் பையை மூடினார். “நான் வரட்டுங்களா? இன்னும் ரெண்டு வீடு பாக்கணும்.”

“அந்த ரெண்டு வீட்டையும் கெடுக்கவா? நில்லு!” வாசலை மறித்தபடியே உள்ளே பார்த்துக் கத்தினார். “டேய்! உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வாடா!”

லாரி ஓட்டும் மகன் தூக்கக் கலக்கத்தோடு வந்தான். தையல் மெஷினை நிறுத்திவிட்டு மருமகளும் வந்தாள்.

“ரெண்டு பேருல யாரு தேடுனது?”

“வழி தேடவே எனக்கு நேரம் பத்தலப்பா. இதையா தேடப் போறேன்?”

“நான் தேடுனது பட்டனும் ஜிப்பும்தான் மாமா. அந்த விளம்பரமும்தானே வருது? அதை ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?” என்றாள் மருமகள்.

மேஸ்திரி கையிலிருந்த போனைப் பார்த்தார். படம் மாறியிருந்தது. எழுத்துத் தெரியவில்லை.

“ஏய், கண்ணாடி எங்க?”

மனைவி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘பெண்களுக்கு மட்டுமான முதியோர் இல்லம். ஆண்களுக்கு அனுமதி இல்லை.’

அப்படியென்றால் அது தனக்கு இல்லையா? ஒரு கணம் மூச்சு சீராக வந்தது. மறுகணம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“அடப்பாவிகளா! அப்போ உங்கம்மாவையா தள்ளிவிடப் பாக்குறீங்க? அவ போயிட்டா எனக்கு யாருடா வெந்நீர் வைப்பா? யாரு கால் அமுக்குவா? நான் கூப்பிட்ட குரலுக்கு எவ ஓடி வருவா?”

“சத்தியமா நான் இல்ல மாமா” என்றாள் மருமகள்.

மகன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “நீ எதுவும் தேடலியே?”

“நீங்களும் என்னைத்தான் கேக்குறீங்களா?” கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவி எறிந்தாள். “நம்பிக்கை இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை? எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”

“பாத்தியா?” மேஸ்திரி மனைவியின் பக்கம் திரும்பினார். “உன்னை எங்க அனுப்பத் திட்டம் போட்டிருக்குதுங்க பாத்தியா? மரம் மாதிரி நிக்கிறியே. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேளேன்!”

அவள் மருமகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“புள்ளைங்களை வையாதீங்க. தேடுனது நான்தான். நீங்க வர முடியாத எடமாப் பாத்துத்தான் தேடுனேன்.”