கத்தி படாத மூன்றாம் பாகம்

மிஸ் டோர்காஸ் வீட்டு மேஜையில் டீயைக் கொட்டியது நான்தான். பத்திரிகை ஆசிரியனுக்குக் கை தவறக்கூடாதா? டீ போய் விழுந்தது, கேப்டன் ஹேவர் எழுதிய, இவர் என் பத்திரிகைக்காக விமர்சித்த நாவலின் மூன்றாம் பாகத்தில். பதறித் துடைத்தபோதுதான் பார்த்தேன். புதுப் புத்தகத்தின் தாள் மடிப்புகளைக் கத்தியால் அறுத்தால்தான் பக்கங்கள் பிரியும்; இதில் ஒன்றுகூட அறுக்கப்படவில்லை. கத்தி படாத புத்தகத்தை எப்படிப் படித்திருப்பார்?

"படிக்காமலேயா மேடம், 'மூன்றாம் பாகம் வெறும் இழுவை'ன்னு கிழிச்சீங்க? லண்டனே கேப்டனைப் பார்த்துச் சிரிக்குது. கேப்டன் கேஸ் போட்டா என் பத்திரிகைக்கு மூடுவிழாதான்!"

"போடமாட்டார். இன்னும் கொஞ்சம் டீ?"

"இனிமே நீங்க விமர்சனம் எழுத வேண்டாம்."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"சார், அதுல கதாநாயகி இருநூறு பக்கம் காய்ச்சல்ல கிடக்கிறா. சரியா?"

அச்சாபீஸில் இன்னொரு பிரதியை நான் படித்திருந்தேன். "சரிதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு பாகம் இருந்தாத்தான் நாவல்னு பதிப்பாளர் அடம் பிடிச்சார். கதையோ ரெண்டுலயே முடிஞ்சுபோச்சு. வேற வழியில்லாம அவளைப் படுக்க வச்சேன். அந்தக் கேப்டன் ஹேவர் நான்தான், சார்."