தம்பியின் குரல்

"லாரி என் கால்மேல ஏறின கதை இங்க எல்லாருக்கும் மனப்பாடம். இன்னைக்குப் புதுசா வந்த தம்பி சொல்லட்டும்," என்றார் மாற்றுத்திறனாளிகள் ஆலோசனைக் குழுவின் தலைவர், சக்கர நாற்காலியைத் திருப்பியபடி. புதிய உறுப்பினர்கள் தங்கள் கதையைச் சொல்வது அங்கே வழக்கம். பூவேந்தனுக்குக் காது கேட்காது. அவன் கைகளால் சொல்வதை அக்கா மங்கை குரலாக்குவாள்.

"பொறக்கும்போதே இப்படியா தம்பி?" என்று கேட்டார் தலைவர்.

கேள்வியைச் சைகையில் காட்டும்போதே மங்கைக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது வந்த தீபாவளி அன்று, ஏழு மாதத் தம்பி தூங்கிய தொட்டிலுக்கடியில் விளையாட்டாக ஓர் அணுகுண்டு வெடியைப் பற்றவைத்தாள். யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு டாக்டர் பிறவிக் குறை என்றபோது, அவளும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள்.

பூவேந்தன் சிரித்தபடி கைகளை அசைத்தான். மங்கை அதைக் குரலாக்கினாள்:

"எனக்கு என்னங்க தெரியும், அப்ப நான் கைக்குழந்தை! என் அக்காவக் கேளுங்க. என்னைத் தூக்கி வளத்தவ அவதான்."

எல்லோரும் சிரித்தார்கள். "நீயே சொல்லும்மா," என்றார் தலைவர்.

அவர்கள் அவள் வாயைப் பார்த்தார்கள். பூவேந்தன் அவள் கைகளைப் பார்த்தான். மங்கை அவன் பக்கம் திரும்பி, குரலில்லாமல், காற்றில் மெதுவாக ஒரு தொட்டிலை ஆட்டினாள். பிறகு அதற்கடியில் ஒரு தீக்குச்சியை உரசிக் காட்டினாள்.