யார் பாட்டிலில் மருந்து?

‘மருந்து என் பாட்டிலில்தான் இருந்திருக்கணும், என்னோடதில்தான்.’ டாக்டர் அறையில் மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

விழித்திரை நரம்பு தேயாமல் காக்கும் சொட்டு மருந்துச் சோதனை. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர். அந்தத் தேய்மானம் இருவருக்குமே இருந்ததால், கணவனும் மனைவியுமாக இரண்டு வருடம் போட்டுக்கொண்டார்கள். யாருக்கு எது என்று எழுதியிருந்த உறையை டாக்டர் இன்றுதான் பிரித்தார்.

“சாருக்குத்தான் மருந்து. உங்களுக்கு உப்புத்தண்ணி. ஆனா அவருக்குப் பார்வை மங்கிடுச்சு, உங்களுக்கு அப்படியே இருக்கு. மருந்து தோத்துடுச்சும்மா.”

கணவர் சிரித்தார். “மருந்து எனக்கு, பார்வை இவளுக்கா? கல்யாணமான நாள்லேர்ந்து இதே கதைதான் டாக்டர்!”

“அவங்கவங்க பாட்டிலைத்தான் போட்டுக்கிட்டோம்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா.”

அவள் தாளை மெல்லத் தள்ளி வைத்தாள்.

“மாட்டேன் டாக்டர். என்னோடது எரிஞ்சுது. எரியறதுதான் மருந்துன்னு நினைச்சு, தினமும் அதை இவர் கண்ணுல விட்டேன். இவரோடதை நான் போட்டுக்கிட்டேன்.”